பென்சில்வேனியா என்னும் தீவுக்குப் போனவர்கள்

1727 செப்டம்பரில் பிலடெல்பியா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது 'வில்லியம் அண்ட் சாரா' என்ற கப்பல். ராட்டர்டாமில் ஆள் ஏற்றி, இங்கிலாந்தின் டோவரைத் தொட்டு வந்த அந்தக் கப்பலில் சுமார் 400 பேர் இருந்தார்கள். பெரும்பாலும் ரைன் நதிப் பக்கத்து ஜெர்மானியர்கள். பென்சில்வேனியா ஆட்சி மன்றத்துக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஆங்கிலம் தெரியாத கூட்டம் ஆண்டுதோறும் வந்து இறங்குகிறது. யாரையும் கேட்காமல் உள்நாட்டுக்குப் போய் நிலம் பிடித்துக்கொள்கிறது. நாளைக்கு இவர்கள் அரசருக்கு அடங்கி நடப்பார்கள் என்பதற்கு என்ன நிச்சயம்? ஆகவே ஓர் உத்தரவு பிறந்தது. ஜெர்மானியரை ஏற்றி வரும் கப்பல் தலைவர்கள் இனிமேல் பயணிகளின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். 16 வயதைத் தாண்டிய ஆண்கள் வரிசையில் நின்று, இங்கிலாந்து அரசருக்கு விசுவாசமாக இருப்போம் என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த அரசர் இரண்டாம் ஜார்ஜ். அவரே ஹனோவரில் பிறந்த ஜெர்மானியர்தான் என்பது வேறு விஷயம்.

சந்தேகத்தில் பிறந்த அந்தத் தாள்கள், இன்று எத்தனையோ அமெரிக்கக் குடும்பங்களின் வம்சாவளியில் முதல் ஏடு. ஜெர்மனியிலிருந்து போன முன்னோரைத் தேடுகிறவர் கைக்கு வரும் காகிதங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், அநேகமாக எதுவுமே பேரப்பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்படவில்லை என்பது புரியும். வரி கேட்டவர், படைக்கு ஆள் கேட்டவர், கடனைத் திருப்பிக் கேட்டவர், 'நீ யார் பக்கம்?' என்று கேட்டவர் என இவர்கள் எழுதிவைத்தவையே அதிகம். கேட்டவருக்கு எது வேண்டுமோ அதுதான் அவற்றில் இருக்கும். பேரனுக்கு வேண்டிய ஒன்று, 'எந்த ஊர்?' என்ற கேள்விக்கான பதில், பெரும்பாலும் இருக்காது.

பிலடெல்பியாவில் ஒரு கப்பலுக்கு மூன்று பட்டியல்கள் வரை கிடைக்கின்றன. கப்பல் தலைவர் கொடுத்தது ஒன்று. விசுவாச உறுதிமொழியில் பயணிகள் இட்ட கையெழுத்துகள் இன்னொன்று. போப்பின் அதிகாரத்தையும் ஸ்டூவர்ட் வம்சத்தின் அரியணை உரிமையையும் மறுத்துச் செய்த உறுதிமொழி மூன்றாவது. ஆங்கிலேயக் காதில் விழுந்தபடி எழுதப்பட்ட பெயர் முதல் பட்டியலில் இருக்கும். அதே ஆள் தன் கையால் ஜெர்மன் எழுத்தில் போட்ட கையெழுத்து மற்ற இரண்டிலும் இருக்கும். எழுதத் தெரியாதவர் கைநாட்டாக ஒரு கோடோ சிலுவையோ போட, பக்கத்தில் எழுத்தர் தனக்குத் தோன்றியபடி பெயரை எழுதியிருப்பார். 1934-இல் ஸ்ட்ராஸ்பர்கர், ஹின்கே என்ற இருவர் இந்தப் பட்டியல்களை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். அதில் ஒரு தொகுதி முழுக்கக் கையெழுத்துகளின் நகல்தான். அச்சில் வந்த பெயரைவிட அந்த நகல்களுக்கே ஆய்வாளர்கள் மதிப்புத் தருகிறார்கள். இருநூறு வருடம் கழித்துப் படித்தவர் தவறாகப் படித்திருக்கலாம். போட்டவருக்குத் தன் பெயர் தெரியும்.

இந்தப் பட்டியல்களின் காலத்தில் வந்த ஹூபர் ஒருவரின் வம்சம் ஹூவர் ஆகி, 1929-இல் அமெரிக்காவுக்கு ஒரு ஜனாதிபதியைத் தந்தது. 1741-இல் பிலடெல்பியாவில் இறங்கிய ஐஸன்ஹௌவர் என்பவரின் வழியில் வந்தவர் ஜனாதிபதி ஐசனோவர். ஃபெர்ஷிங் என்பது பெர்ஷிங் ஆனது. இரண்டு உலகப் போர்களிலும் ஜெர்மனிக்கு எதிரே ஐரோப்பாவில் நின்ற அமெரிக்கப் படைகளின் தலைமைத் தளபதிகளான பெர்ஷிங், ஐசனோவர் இருவருமே இப்படி ஜெர்மன் பேசிக்கொண்டு வந்து இறங்கியவர்களின் வாரிசுகள். சில குடும்பங்கள் பெயரை மொழிபெயர்த்தே விட்டன. சிம்மர்மான் வீட்டார் கார்பென்டர் ஆனார்கள். ஷ்வார்ட்ஸ், பிளாக் ஆனார். அண்ணன் ஒரு பெயரிலும் தம்பி ஒரு பெயரிலும் அடுத்தடுத்த மாவட்டத்தில் வாழ்ந்து மறைந்த குடும்பங்களும் உண்டு.

பெயரை மாற்றியது நியூயார்க்கின் எல்லிஸ் தீவு அதிகாரி என்று பல வீடுகளில் ஒரு கதை உலவுகிறது. நல்ல கதைதான், ஆதாரம் கிடையாது. புறப்படும் துறைமுகத்திலேயே எழுதி முடித்த பட்டியலை வைத்துக்கொண்டுதான் அந்தத் தீவின் அதிகாரிகள் ஆட்களைச் சரிபார்த்தார்கள். மாற்றங்கள் பின்னால் வந்தவை: பள்ளிக்கூடத்தில், கடைக்காரரின் பற்றுக் கணக்கில், சம்பளப் பட்டியலில். தவிர, எல்லிஸ் தீவு திறந்ததே 1892-இல். ஜெர்மானியரின் பெருவெள்ளம் அதற்குள் வடியத் தொடங்கிவிட்டது.

பிலடெல்பியா பட்டியல்களுக்கும் முந்தைய ஒரு கூட்டத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் தொலைந்த ஊரைக் கண்டுபிடிக்கும் வழியைக் கற்றுத்தந்தது அதுதான்.

1708-09 குளிர்காலம் ஐரோப்பாவை உறைய வைத்தது. ரைன்கரையில் திராட்சைக் கொடிகள் பட்டுப்போயின. அதற்கு முன்பே ஃபிரெஞ்சுப் படைகள் அந்தப் பகுதியைக் கொளுத்தியிருந்தன. 1689-இல் ஷ்பையர், வோர்ம்ஸ் நகரங்கள் எரிந்தன. அந்த வட்டாரத்தில் சர்ச் பதிவேடுகள் பல அதற்குப் பிந்தைய காலத்திலிருந்துதான் கிடைப்பதற்கு அந்தத் தீயும் ஒரு காரணம். இந்த நிலையில், இங்கிலாந்து அரசி கரோலினாவில் நிலம் தருகிறாராம் என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. 1709-இல் மட்டும் சுமார் 13,000 பேர் ரைன் வழியாக இறங்கி லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். லண்டன்காரர்கள் அத்தனை பேருக்கும் 'பாலட்டைன்கள்' என்று ஒரே பெயரைச் சூட்டி, பிளாக்ஹீத் வெளியில் கூடாரம் போட்டுக் கொடுத்தார்கள். பாலட்டினேட் பகுதியிலிருந்து வந்தவர்கள்தான் அதிகம் என்றாலும் ஹெஸ்ஸே, நாசௌ, வூர்ட்டம்பெர்க் ஆட்களும் அந்தக் கூட்டத்தில் கலந்திருந்தார்கள்.

அவர்களில் ஏறத்தாழ 3,000 பேரை 1710-இல் நியூயார்க்குக்கு ஏற்றி அனுப்பினார்கள். கடற்படைக் கப்பல்களுக்குத் தார் காய்ச்சிக் கொடுத்துப் பயணச் செலவை அடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கப்பலில் பரவிய காய்ச்சலில் நூற்றுக்கணக்கானோர் வழியிலேயே போனார்கள். அநாதையான பிள்ளைகளைக் கைத்தொழில் பழக ஆளுக்கொரு முதலாளியிடம் ஒப்படைத்தார் ஆளுநர் ராபர்ட் ஹன்ட்டர். அப்படி அச்சுக்கூடத்துக்குப் போன சிறுவன்தான், பின்னாளில் பத்திரிகைச் சுதந்திர வழக்கில் பெயர் பெற்ற ஜான் பீட்டர் செங்கர். ஹட்சன் ஆற்றங்கரையில் தார்த் திட்டம் இரண்டே வருடத்தில் படுத்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு வருடமும் ஆளுநர் யார் வீட்டுக்கு எத்தனை வாய், எவ்வளவு மாவு என்று கணக்கு வைத்திருந்தார். அரசாங்கத்திடம் பணம் வாங்க வேண்டுமே! குடும்பத் தலைவரின் பெயர், பெரியவர் இத்தனை, சிறியவர் இத்தனை. ஊர்ப் பெயர் மட்டும் இல்லை.

ஹென்றி ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் இந்தக் கணக்கில் கண்ட 847 குடும்பங்களையும் எடுத்துக்கொண்டு, 1985-இல் இரண்டு தொகுதிகளாக ஒரு நூல் வெளியிட்டார். பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களின் ஜெர்மன் ஊரை அவரால் காட்ட முடிந்தது. கையாண்ட வழி எளிமையானது. செய்து முடிப்பதுதான் மலையைக் கெல்லுவது. ஒரு மனிதரைத் தனியாகத் தேடக் கூடாது. பட்டியலில் அவருக்கு முன்னும் பின்னும் இருப்பவர் யார், நியூயார்க்கில் அவர் பிள்ளைக்கு ஞானத்தந்தையாக நின்றவர் யார், அவர் யாருக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார் என்று பார்க்க வேண்டும். ஊரைவிட்டுப் போகிறவர்கள் தனியாகப் போவதில்லை. மச்சான், பங்காளி, அடுத்த வீட்டுக்காரர் என்று சேர்ந்தேதான் போகிறார்கள். அப்படி ஒருவரின் ஊர் தெரிந்துவிட்டால், அதைச் சுற்றியுள்ள ஊர்களின் பதிவேடுகளையெல்லாம் ஒன்று விடாமல் புரட்ட வேண்டும். ஜோன்ஸுக்காக ஜெர்மனியில் அதைச் செய்தார்கள். அபூர்வமான குடும்பப் பெயர்கள் நாலைந்து ஒரே வட்டாரத்தில் சேர்ந்து அகப்பட்டால் அது தற்செயலாக இருக்க முடியாது.

சில ஊர்களில் போதகரே உதவியிருக்கிறார். ஞானஸ்நானப் பதிவில் ஒரு குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில், குடும்பம் பென்சில்வேனியா தீவுக்குப் போய்விட்டது என்று குறிப்பு எழுதிவைத்த போதகர்கள் உண்டு. கடலைத் தாண்டிப் போகிற இடமெல்லாம் தீவு என்பது அன்றைய கிராமத்துக் கணக்கு.

1710 கூட்டத்தில் வந்தவன் கான்ராட் வைஸர் என்ற 13 வயதுச் சிறுவன். 'பாலட்டைன்' என்றே அமெரிக்க வரலாறு அவனைச் சொல்லும். பிறந்ததோ வூர்ட்டம்பெர்க் நாட்டில். மோஹாக் மக்களிடம் சில மாதம் வாழ்ந்து அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டு, வளர்ந்தபின் பென்சில்வேனியா அரசுக்கும் பழங்குடிகளுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நின்றவர். அவர் மகளை மணந்தவர் ஹென்றி மெல்கியோர் மியூலன்பெர்க். இவர் கதையில் தமிழ்நாட்டின் கடற்கரையும் எட்டிப்பார்க்கிறது. மியூலன்பெர்க் ஹாலே நகரத்துப் பிரான்கே நிறுவனங்களைச் சேர்ந்த போதகர். 1706-இல் சீகன்பால்க் தரங்கம்பாடிக்கு வந்து தொடங்கிய பணிக்கு ஆளும் பணமும் அனுப்பிக்கொண்டிருந்த அதே ஹாலே. மியூலன்பெர்க்கையும் முதலில் இந்தியாவுக்கு அனுப்பத்தான் நினைத்திருந்தார்கள். அது நடக்காமல் போய், 1742-இல் பென்சில்வேனியா போனார். தரங்கம்பாடியிலிருந்து போன அறிக்கைகளும் பென்சில்வேனியாவிலிருந்து போன அறிக்கைகளும் ஹாலேயில்தான் அச்சாயின. இன்றும் அந்த ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் பென்சில்வேனியா போதகர்களின் கடிதங்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

மியூலன்பெர்க் போன்றவர்கள் போய்ச் சேர்ந்ததும் செய்த முதல் காரியங்களில் ஒன்று பதிவேடு போட்டது. பென்சில்வேனியாவில் பிறப்பை எழுதிவைக்க அரசாங்கம் எதுவும் செய்யாத காலம் அது. குடும்பங்களே ஒரு வழக்கத்தை வளர்த்துக்கொண்டன. குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆனதும், ஊர் ஊராகச் சுற்றும் பள்ளி ஆசிரியரிடமோ எழுத்துக் கலைஞரிடமோ சொல்லி ஒரு சான்றிதழ் எழுதி வாங்குவார்கள். நடுவில் இதயம், இரண்டு பக்கமும் கிளிகள், டியூலிப் பூக்கள், தேவதைகள். அதற்குள் அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், பிறந்த நாள், ஞானப்பெற்றோர் யார் என்பதெல்லாம் இருக்கும். சுவரில் மாட்டுகிற வழக்கம் அவ்வளவாக இல்லை. பெட்டியிலோ பைபிளுக்குள்ளோ மடித்து வைத்தார்கள். பிறகு, அமெரிக்கப் புரட்சிப் போரில் சண்டை போட்டவர்களின் விதவைகளுக்கு ஓய்வூதியம் தருவதாக அரசு அறிவித்தபோது, கணவரின் வயதையும் திருமணத்தையும் நிரூபிக்க வேறு அத்தாட்சி இல்லாமல் இந்தப் பூக்கோலத் தாள்களையும் பைபிளின் குடும்பப் பக்கங்களையும் கிழித்து வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். அவை திரும்பி வரவில்லை. இன்று தேசிய ஆவணக் காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்புகளுக்குள் கிளியும் டியூலிப்புமாகக் கிடக்கின்றன. அரசாங்கத்துக்கு ஒன்றைக் கொடுத்தால் திரும்ப வராது என்று அந்தக் கிழவிகள் புலம்பியிருப்பார்கள். வீட்டிலேயே இருந்திருந்தால் அதில் பாதி கரையானுக்கோ தீக்கோ போயிருக்கும் என்பதும் உண்மை.

பிறருக்காக எழுதப்பட்ட காகிதங்களுக்கு நடுவே ஒரு விதிவிலக்கு உண்டு. 1741-இல் பென்சில்வேனியாவில் பெத்லஹேம் என்ற ஊரை நிறுவிய மொரேவியன் சபையார், ஒவ்வொருவரும் தன் வாழ்க்கைக் கதையைத் தானே எழுதி வைக்க வேண்டும், அடக்கத்தின்போது சபையில் அது படிக்கப்பட வேண்டும் என்று வழக்கம் வைத்திருந்தார்கள். தையல்காரர், சமையல்காரி, விதவை என்று எல்லோரும் எழுதினார்கள். முன்னோர் மொரேவியனாக இருந்தால் வாரிசுக்கு யோகம்தான்.

19-ஆம் நூற்றாண்டில் கணக்கு மாறுகிறது. நெப்போலியன் போர்கள் முடிந்ததிலிருந்து முதல் உலகப் போர் வரை ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்கள் அமெரிக்கா போனார்கள். உருளைக்கிழங்கு நோய், துண்டு துண்டாகப் பிரிந்துபோன நிலம், இயந்திரத் துணிக்கு முன் நிற்க முடியாத கைத்தறி, 1848 புரட்சியின் தோல்வி, கட்டாய ராணுவ சேவை என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. சில ஊர்கள் ஏழைகளைத் தாங்களே செலவு செய்து அனுப்பிவைத்தன. 1846-இல் ஹெஸ்ஸே பகுதியின் கிராஸ்ஸிம்மர்ன் அப்படி நூற்றுக்கணக்கானோரைக் கப்பலேற்றியது. வருடாவருடம் சோறு போடுவதைவிட ஒரு தடவை டிக்கெட் எடுப்பது மலிவு.

முறைப்படி போக வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். வூர்ட்டம்பெர்க், பாடன் போன்ற நாடுகளில் ஒருவர் விண்ணப்பம் போட்டால் அது அரசு இதழில் விளம்பரமாக வரும்: இன்னார் போகிறார், கடன் பாக்கி உள்ளவர்கள் குறித்த நாளுக்குள் கேட்டுக்கொள்ளவும். அந்தக் கோப்புகளில் ஊர், வயது, பிள்ளைகள், கையிலிருந்த பணம் எல்லாம் இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் போனவருக்குக் கோப்பே கிடையாது. ஆனால் ராணுவத்துக்குக் கூப்பிட்ட நாளில் வராதவரை அரசு இதழில் பெயர் போட்டுத் தேடியிருப்பார்கள். அவருக்கு அது அவமானம். வாரிசுக்குப் புதையல்.

துறைமுகத்திலும் அதிர்ஷ்டம் வேண்டும். பிரேமன் நகரம் 1832-இல் ஒரு நல்ல சட்டம் போட்டது: கப்பல் முதலாளிகள் 90 நாளைக்கு உணவு வைத்திருக்க வேண்டும், கப்பல் கடலுக்குத் தகுதியானது என்று காட்ட வேண்டும், பயணிகள் பட்டியல் கொடுக்க வேண்டும். அதனால் மக்கள் நம்பிக்கையோடு அங்கே போனார்கள். பட்டியல்களில் லட்சக்கணக்கில் பெயர்கள் சேர்ந்தன. 1875 முதல், வைக்க இடமில்லை என்று சொல்லி மூன்று வருடத்துக்கு முந்தைய பட்டியல்களை அலுவலர்களே அழித்துவந்தார்கள். மிச்சம் இருந்தவற்றில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சில் போனது. போட்டித் துறைமுகமான ஹாம்பர்க்கிலோ 1850 முதல் 1934 வரையிலான பட்டியல்கள் பெரும்பாலும் பிழைத்தன. அவற்றில் 'முந்தைய வசிப்பிடம்' என்று ஒரு கட்டம் உண்டு. நியூயார்க் பக்கத்துப் பட்டியல்களில் 1893 வரை நாட்டின் பெயரோடு விட்டுவிடுவார்கள். பிரேமன் வழியாகப் போனவரா ஹாம்பர்க் வழியாகப் போனவரா என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் தேடல் ஒரு மாலையில் முடியலாம், ஒரு ஆயுள் இழுக்கவும் செய்யலாம்.

பிரேமன் வழியாகப் போன ஒரு பையனின் கதை இப்போது உலகத்துக்கே தெரியும். பாலட்டினேட்டின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள கால்ஸ்டட் என்ற சிற்றூரிலிருந்து 1885-இல், 16 வயதில், முடிதிருத்தும் வேலை கற்றிருந்த ஃபிரீட்ரிக் டிரம்ப் கப்பலேறினார். அமெரிக்க மேற்கின் சுரங்க ஊர்களில் உணவு விடுதி நடத்திப் பணம் சேர்த்துக்கொண்டு, மனைவி மகளோடு ஊருக்கே திரும்பினார். அன்றைக்கு அந்தப் பகுதி பவேரியாவின் ஆட்சியில் இருந்தது. ராணுவ சேவை செய்யாமல், சொல்லாமல் போனவர் என்று காரணம் காட்டி 1905-இல் அவரை வெளியேறச் சொன்னார்கள். பவேரிய இளவரசருக்கு உருக்கமாக மனுப் போட்டும் பலனில்லை. அந்த வெளியேற்ற உத்தரவு ஷ்பையர் காப்பகத்தில் கிடந்து, 2016-இல் செய்தியில் அடிபட்டது. அவர் பேரனோ 1987-இல் வெளிவந்த தன் நூலில், தாத்தா ஸ்வீடனிலிருந்து வந்தவர் என்று சொல்லியிருந்தார். ஹைன்ஸ் தக்காளி சாஸ் நிறுவனரின் அப்பாவும் அதே கால்ஸ்டட்காரர்தான்.

ஸ்வீடன் கதை ஏன் வந்தது என்பதற்கும் வரலாறு உண்டு. 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் ஜெர்மன் என்ற சொல்லே ஆகாததாயிற்று. தெருப் பெயர்கள் மாறின. 1918 மே மாதம் அயோவா ஆளுநர், பொது இடத்திலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் தவிர எதுவும் பேசக் கூடாது என்று ஆணையிட்டார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் இல்லினாயில் ராபர்ட் பிராகர் என்ற ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளியை ஒரு கும்பல் மரத்தில் தூக்கிலிட்டிருந்தது. கேட்டால் டச்சு, சுவிஸ், ஸ்வீடன் என்று சொல்லிப் பழகினார்கள் பலர். வீட்டில் ஜெர்மன் பேச்சு நின்றது. அடுத்த தலைமுறையிடம் ஊர்ப் பெயரைச் சொல்லவும் ஆளில்லாமல் போயிற்று. இன்றைய தேடல்களில் முக்கால்வாசி சிக்கல் கடலில் தோன்றியது இல்லை. இந்த மௌனத்தில் தோன்றியது என்று துணிந்து சொல்லலாம்.

அதே நேரத்தில் அரசாங்கம், குடியுரிமை வாங்காத ஜெர்மானியரையெல்லாம் பகை நாட்டவர் என்று பதிவு செய்தது. புகைப்படம், விரல் ரேகை, பிறந்த ஊர், வந்த கப்பல், எந்தப் படையில் உறவினர் யார் இருக்கிறார்கள் என்று பக்கம் பக்கமாகக் கேட்டார்கள். அமெரிக்காவிலேயே பிறந்த பெண்களும் வரிசையில் நின்றார்கள். அயல்நாட்டவரைக் கட்டிக்கொண்டால் பெண்ணின் குடியுரிமை போய்விடும் என்று 1907 சட்டம் சொல்லியிருந்தது. கான்சாஸ் மாநிலத்தின் படிவங்கள் பிழைத்திருக்கின்றன. ஒரு கொள்ளுப்பாட்டியின் ஒரே புகைப்படம் அங்கேதான் இருக்கிறது என்றால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததா? அதுதான் இல்லை. அந்தப் பெயருள்ள ஊர்களில் எது என்று தெரிய வேண்டும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'பிரஷ்யா', 'பாடன்' என்றுதான் இருக்கும். பிரஷ்யாவோ ரைனிலிருந்து ரஷ்ய எல்லை வரை நீண்டது. நோய்ஸ்டட் என்ற பெயரில் மட்டும் டஜன் கணக்கில் ஊர்கள். இதற்கு ஆய்வாளர்கள் கையில் வைத்திருப்பது 1912-இல் வந்த மெய்யர் ஊர் அகராதி. ஜெர்மன் பேரரசின் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊர்கள், குக்கிராமம் வரை, அதில் உண்டு. எந்த ஊருக்கு சர்ச் உண்டு, எங்கே பதிவு அலுவலகம் என்பதையும் சுருக்கக் குறிகளில் சொல்லிவிடும். பிரஷ்யாவில் 1874-இலும் பேரரசு முழுவதிலும் 1876-இலும்தான் அரசுப் பதிவு அலுவலகங்கள் வந்தன. ரைனின் மேற்குக் கரையில் மட்டும் ஃபிரெஞ்சு ஆட்சி 1798 வாக்கிலேயே கொண்டுவந்துவிட்டது. அதற்கு முன்பு எல்லாம் சர்ச் பதிவேடுதான்.

அந்தப் பதிவேட்டைத் திறந்தால் முதலில் எழுத்தே தெரியாது. பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'எ'யும் 'ன்'னும் ஒரே மாதிரிச் சாய்ந்த இரண்டு கோடுகள். 'உ'வைப் பிரித்துக்காட்ட மேலே ஒரு சிறு வளைவு. 1941-இல் நாஜி அரசு பள்ளிகளில் இதைக் கற்பிப்பதை நிறுத்தியதால், இன்றைய ஜெர்மானியர்களில் பெரும்பாலோருக்கே தாத்தாவின் கடிதம் படிக்க வராது. எழுத்து பிடிபட்ட பிறகு பெயர் குழப்பும். யோஹான் பீட்டர், யோஹான் கியோர்க், யோஹான் யாகோப் என்று ஒரே வீட்டில் மூன்று யோஹான்கள். கூப்பிடுவது இரண்டாவது பெயரைத்தான். அமெரிக்காவில் 'ஜார்ஜ்' என்று இருந்தவரை ஜெர்மனியில் 'கியோர்க்' என்று அகரவரிசையில் தேடினால் அகப்படமாட்டார். ஃபிஷர் வீட்டுப் பெண்ணை ஃபிஷரின் என்று எழுதியிருப்பார்கள். அதைத் தனிக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு வழி தவறியவர்கள் ஏராளம். வெஸ்ட்ஃபாலியாவில் பண்ணைக்காரி வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனவர் பண்ணையின் பெயரையே தன் பெயராக்கிக்கொள்வார்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. ஏழு என்ற இலக்கத்தைப் போட்டுப் பின்னால் 'பெர்' என்று சுருக்கி எழுதியிருந்தால் அது ஜூலை கிடையாது, செப்டம்பர். ரோமானியர் கணக்கில் செப்டம்பர் ஏழாம் மாதம். அதேபோல எட்டு போட்டிருந்தால் அக்டோபர். பெயரின் பக்கத்தில் சின்னச் சிலுவை இருந்தால் அந்தக் குழந்தை பிழைக்கவில்லை என்று அர்த்தம். மணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தையின் பதிவைச் சில ஊர்ப் போதகர்கள் புத்தகத்தைத் திருப்பிவைத்துத் தலைகீழாக எழுதினார்கள். பக்கத்தைப் புரட்டும்போதே கண்ணில் பட வேண்டும் என்று. போதகரின் அந்த வன்மம், இருநூறு வருடம் கழித்துத் தேடுகிறவருக்கு அந்தப் பதிவை நொடியில் காட்டிக்கொடுக்கிறது.

இந்தப் பதிவேடுகளுக்கு மிகக் கொடிய வாசகர்கள் வந்தது 1933-இல். அரசு வேலையில் இருப்பவர் யூதர் வழியில் வரவில்லை என்று நிரூபிக்க வேண்டும் எனச் சட்டம் வந்தது. தாத்தா பாட்டிகள் வரை ஞானஸ்நானச் சான்று வேண்டும். எஸ்.எஸ். படையில் சேர்வதென்றால் 1800 வரை, அதிகாரியானால் 1750 வரை போக வேண்டும். நாடெங்கும் சர்ச் அலுவலகங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன. 'முன்னோர் புத்தகம்' என்று ஒரு சிறு ஏடு வீட்டுக்கு வீடு வந்தது. ஒரு போதகர் அன்போடு எழுதிவைத்த 'யூத மதத்திலிருந்து ஞானஸ்நானம் பெற்றவர்' என்ற வரி, அப்படி ஞானஸ்நானம் பெற்றவருடைய பேரனின் வேலையையும் பிறகு உயிரையும் பறிக்கப் போதுமானதாக இருந்தது. யூத சமூகங்களின் பதிவேடுகளையும் பறித்துப் போர்க்காலத்தில் ஃபிலிமில் எடுத்தார்கள். மூலங்கள் பல அழிந்துபோக, இன்று யூதக் குடும்பங்கள் தங்கள் வேரைத் தேடுவது அந்த ஃபிலிம்களில். 'முன்னோர் புத்தகம்' எந்த வீட்டு அலமாரியிலாவது கிடைத்தால் ஆய்வாளர் மகிழ்ச்சி அடைகிறார். மூன்று தலைமுறை, முத்திரையோடு, தயாராக இருக்கிறது. அந்த மகிழ்ச்சியில் கொஞ்சம் கூச்சமும் இருக்க வேண்டும்.

போருக்குப் பின் வந்த வாசகர்கள் மார்மன் சபையினர். இறந்துபோன முன்னோருக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்கு முன்னோரின் பெயர் தெரிய வேண்டும். 1938-இல் மைக்ரோஃபிலிம் எடுக்கத் தொடங்கிய அவர்களுடைய சங்கம், போர் முடிந்ததும் ஜெர்மனியில் இறங்கியது. சுருள்களை யூட்டா மாநிலத்தில் கருங்கல் மலையைக் குடைந்து வைத்திருக்கிறார்கள். 24 லட்சம் சுருள்களுக்குக் கிட்டே. இப்போது எல்லாம் கணினிக்கு மாறிவிட்டது. எல்லா சர்ச்சும் கதவைத் திறக்கவில்லை. 2008-இல் வாத்திக்கன், பங்குப் பதிவேடுகளை மார்மன்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று ஆயர்களுக்கு எழுதியது. இப்போது கத்தோலிக்கப் பதிவேடுகள் பல மட்ரிகுலா என்ற இணையதளத்தில் இலவசமாகவும், புராட்டஸ்டன்ட் பதிவேடுகள் பல 2015 முதல் ஆர்கியான் தளத்தில் கட்டணத்துக்கும் கிடைக்கின்றன. அரசுப் பதிவுகளுக்குக் காத்திருக்க வேண்டும்: பிறப்புக்கு 110 வருடம், திருமணத்துக்கு 80, இறப்புக்கு 30. அதற்குப் பிறகே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சமீப காலத்தில் ஜெர்மன் கடவுச்சீட்டு வேண்டும் என்பதற்காகவும் சில அமெரிக்கர்கள் இந்தத் தாள்களைத் தேடிப் போகிறார்கள். அங்கே 1904 என்ற ஆண்டு குறுக்கே நிற்கிறது. பத்து வருடம் தொடர்ந்து வெளிநாட்டில் இருந்து, தூதரகப் பதிவேட்டில் பெயரைப் புதுப்பிக்காதவர் குடியுரிமையை இழப்பார் என்று 1870 சட்டம் சொன்னது. 1914 ஜனவரியில் புதுச் சட்டம் அமலுக்கு வந்து அந்த விதியை நீக்கியது. எனவே 1904-க்கு முன் போனவரின் வாரிசு, எத்தனை பதிவேடு காட்டினாலும் பொதுவாகப் பலனில்லை. அதற்குப் பின் போனவரின் வாரிசுக்கு வழி இருக்கலாம். நாஜிகள் குடியுரிமையைப் பறித்தவர்களின் சந்ததிக்கு மட்டும் அரசியல் சட்டத்தின் 116-ஆம் பிரிவு தனி வாசல் வைத்திருக்கிறது. தூதரக ஜன்னலில் கேட்கிற முதல் கேள்விகள் இவைதான்: உங்கள் முன்னோர் எந்த ஊர், எந்த ஆண்டு புறப்பட்டார், வேறு நாட்டுக் குடியுரிமை எப்போது வாங்கினார், அத்தாட்சி எங்கே?